சிக்கானோ மக்கள் நாடகமும் பட்டறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகப் பயிற்சிகளில் கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர்களின் நாடகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ அதே ஐயங்களைத்தான் கேட்க நேர்கிறது. கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன.

சிக்கானோ என்றால் யார்? மெக்சிகோக்காரர்கள் என்று சொன்னால் போதாதா?

போதாது. 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின் மூலம் கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை மெக்சிகோ அமெரிக்காவிடம் இழந்தபோது, அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரைவிட்டு நகராமலேயே வேறொரு நாட்டின் ஆட்சிக்குள் வந்துவிட்டார்கள். அதற்குப் பின் பல தலைமுறைகளாக வயலுக்கும் ரயில் பாதைக்கும் வேலை தேடி எல்லையைக் கடந்து வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1960களில் நிலம், கூலி, கல்வி ஆகியவற்றுக்கான உரிமை கோரித் திரண்டபோது, அரசியல் உணர்வோடு தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரே சிக்கானோ. மெக்சிகோ வம்சாவளியினர் அனைவரும் அந்தப் பெயரை ஏற்பதில்லை.

இந்த நாடகம் எங்கே, யாரால் தொடங்கியது?

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த டெலானோ என்ற சிற்றூரில் தொடங்கியது. 1965 செப்டம்பர் 8ஆம் நாள், லாரி இட்லியாங் உள்ளிட்டோரின் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீசர் சாவேஸும் டொலோரஸ் வெர்தாவும் கட்டியெழுப்பிய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் சங்கம் செப்டம்பர் 16ஆம் நாள் அவர்களோடு கைகோத்தது. தொழிற்சங்க உரிமை தரும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை வெளியே விட்டிருந்தது என்பதை நினைவில் கொண்டால்தான், சட்டத்தின் துணையே இல்லாத ஒரு போராட்டத்தில் இறங்கினார்கள் என்பது விளங்கும்.

லூயிஸ் வால்டெஸ் அதே டெலானோவில் 1940இல் ஊர் ஊராகச் சென்று கூலிவேலை செய்யும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சான் ஹோசேயில் கல்லூரிப் படிப்பை முடித்து, சான் பிரான்சிஸ்கோ மைம் குழுவில் பூங்காக்களில் நடித்துக்கொண்டிருந்தவர், வேலைநிறுத்தச் செய்தி கேட்டு ஊருக்குத் திரும்பி, தொழிலாளர்களைக் கொண்டே ஒரு நாடகக் குழு அமைக்க அனுமதி கேட்டார். இசைக்கலைஞர் அகுஸ்தின் லீரா அவரோடு தொடக்கத்திலேயே சேர்ந்தார். அந்தக் குழுதான் எல் தியேத்ரோ கம்பெசினோ, அதாவது உழவுத் தொழிலாளர் நாடகக் குழு.

நடிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் முதல் நாள் என்னதான் செய்தார்கள்?

வால்டெஸ் கையில் நாடகப் பிரதி எதுவும் இல்லை. கயிறு கட்டிய சில அட்டைகளைத்தான் கொண்டுவந்தார். ஒன்றில் வேலைநிறுத்தக்காரர் என்றும், மற்றொன்றில் கருங்காலி என்றும், வேறொன்றில் பண்ணையார் என்றும் எழுதியிருந்தது. வந்திருந்தவர்களின் கழுத்தில் அவற்றை மாட்டி, மறியல் களத்தில் அன்று நடந்ததை அப்படியே செய்துகாட்டச் சொன்னார். கருங்காலி அட்டையை மாட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் ஒருவழியாக ஒப்புக்கொண்டதும் மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து ஏசத் தொடங்கினார்கள். சிரிப்பு கிளம்பியது, சுற்றி நின்றவர்களும் உள்ளே நுழைந்தார்கள்.

பின்னாளில் வந்த எல்லாப் பட்டறைகளின் வித்தும் இந்தச் சிறிய பயிற்சிக்குள் இருக்கிறது. அட்டை இருந்ததால் பாத்திரத்தை விளக்க நேரம் செலவாகவில்லை. படிக்கத் தெரியாதவருக்கும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. குழுவின் மிகச் சிறந்த நகைச்சுவை நடிகராகப் போற்றப்பட்ட பெலிப்பே கந்து எழுதப் படிக்கத் தெரியாத பண்ணைத் தொழிலாளி. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் யாரைக் கண்டு அஞ்சினார்களோ அவரையே மாலையில் நடித்துக் காட்டும் துணிச்சல் அவர்களுக்குக் கிடைத்தது.

'ஆக்தோ' என்கிறார்களே, அது குறுநாடகம்தானே?

அளவில் குறுநாடகம்தான், பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். ஆனால் அதற்கென்று ஒரு வேலைத்திட்டம் உண்டு. பார்ப்பவரைச் செயலுக்குத் தூண்டுவது, சிக்கலின் ஒரு குறிப்பிட்ட புள்ளியை வெளிச்சமிட்டுக் காட்டுவது, எதிராளியைப் பகடி செய்வது, தீர்வைக் காட்டுவது அல்லது கோடிட்டாவது காட்டுவது, மக்கள் மனதில் உள்ளதைச் சொல்வது ஆகியவற்றை வால்டெஸ் அதன் கடமைகளாக வகுத்தார். சரக்கு லாரியின் திறந்த பின்தளமே மேடை. ஒப்பனைக்குப் பதில் அட்டையும் முகமூடியும் போதும்.

'சின்னப் பண்ணையாரின் இரு முகங்கள்' என்ற 1965ஆம் ஆண்டு ஆக்தோவைப் பாருங்கள். பன்றி முகமூடி அணிந்த பண்ணையார், தொழிலாளியின் வாழ்க்கை எத்தனை கவலையற்றது என்று பொறாமைப்பட்டு, சற்று நேரம் இடம் மாற்றிக்கொள்வோம் என்று முகமூடியையும் அட்டையையும் கழற்றிக் கொடுக்கிறார். முகமூடி போனதும் அவர் தொழிலாளியைப் போலவே இருக்கிறார். அவருடைய சொந்த அடியாளே அவரை அடையாளம் தெரியாமல் இழுத்துப் போகிறான். கடைசியில் பண்ணையாரே சாவேஸை அழைத்து, வேலைநிறுத்தம் என்று அலறுகிறார். தொழிலாளியோ வீடும் நிலமும் காரும் தனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டுச் சுருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தச் சுருட்டுக்காகவே இதை நான் பலருக்குப் பரிந்துரைப்பதுண்டு. முதலாளியின் இடத்தைப் பிடிப்பது நம் நோக்கம் அல்ல என்று ஒரு தலைவர் அரைமணி நேரம் பேச வேண்டியதை அது ஒரே செய்கையில் முடித்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு வந்த 'ஐந்தாம் பருவம்' இன்னும் நுட்பமானது. உடை முழுவதும் பணநோட்டு ஒட்டிய ஒருவர் கோடையாக வருகிறார். தொழிலாளி நோட்டுகளைப் பறித்துத் தன் பின்பையில் திணிக்கத் திணிக்க, பின்னால் நிற்கும் கங்காணி அவற்றை உருவிப் பண்ணையாரிடம் சேர்க்கிறார். குளிர்காலம் வரும்போது தொழிலாளியின் பை காலியாக இருக்கிறது. சுரண்டல் எவ்வாறு நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கப்படம் எனக்குத் தெரியாது.

இந்த உத்திகளை எல்லாம் அவர்களே கண்டுபிடித்தார்களா?

இல்லை. மெக்சிகோவில் கூடாரமடித்து ஊர் ஊராக நடந்த 'கார்ப்பா' நிகழ்ச்சிகளில் மேட்டுக்குடியினரைத் தன் வாய்த்துடுக்கால் கவிழ்க்கும் ஏழைக் கோமாளி ஒருவர் எப்போதும் இருப்பார். திரைப்படங்களில் உலகப்புகழ் பெற்ற கான்டின்ஃபிளாஸ் அந்த மரபிலிருந்து வந்தவர். தொழிலாளர்கள் இந்த மரபை அறிந்தே வந்தார்கள். வால்டெஸ் மைம் குழுவில் கற்ற இத்தாலிய முகமூடி நகைச்சுவையையும், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் தாக்கத்தையும் கொண்டுவந்தார். நடப்புச் செய்தியைக் கதைப்பாடலாகப் பாடும் 'கொரிதோ' வடிவம் இடையிடையே சேர்ந்துகொண்டது.

வேலைநிறுத்தம் வென்றது நாடகத்தாலா?

அப்படிச் சொல்வது மிகை. வெற்றிக்கு முதன்மைக் காரணம், கலிபோர்னியத் திராட்சையை வாங்காதீர்கள் என்று நாடெங்கும் நடந்த புறக்கணிப்பு இயக்கம். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1970 ஜூலையில், டெலானோவின் பெரும் பண்ணைகள் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

நாடகம் செய்த வேலை வேறு. வருமானம் நின்றுபோன குடும்பங்கள் வாரந்தோறும் சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டும். சோர்ந்து வேலைக்குத் திரும்பிவிடக் கூடாது. அக்கூட்டங்களில் ஆக்தோக்கள் நடந்தன. 1966 மார்ச் 17 அன்று டெலானோவிலிருந்து தலைநகர் சாக்ரமெண்டோவை நோக்கி நடைபயணம் புறப்பட்டபோது, வழியில் தங்கிய ஊர்களிலெல்லாம் இரவில் குழு நடித்தது. நாள் முழுதும் நடந்த களைப்போடு நடித்தவர்கள் அவர்கள் என்பதையும், நாடகம் பார்க்க வந்த உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு அதுவே சங்கத்தின் அறிமுகமாக அமைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயணம் முடியும் முன்பே, டெலானோவில் திராட்சைத் தோட்டங்கள் வைத்திருந்த ஷென்லி நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஆயிரக்கணக்கானோர் தலைநகரை அடைந்தபோது ஆளுநர் பேட் பிரவுன் ஊரிலேயே இல்லை; விடுமுறையைக் கழிக்க பாம் ஸ்பிரிங்ஸ் போயிருந்தார். ஒரு பகடி நாடகத்துக்கு இதைவிட நல்ல முடிவை யாராலும் எழுதியிருக்க முடியாது.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர் சேர்வதற்கு ஒரு சங்கம் இருந்தது, கையெழுத்திட ஒரு படிவம் இருந்தது, மறுநாள் நிற்பதற்கு ஒரு மறியல் களம் இருந்தது. இவை இல்லாத இடத்தில் அதே ஆக்தோவை நடத்தினால் நல்ல பொழுதுபோக்காக மட்டும் முடியக்கூடும். சமூக மாற்றத்துக்கான நாடகம் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் மேடையைப் பார்க்கிறார்கள், அதன் அருகில் போட்டிருந்த உறுப்பினர் சேர்க்கை மேசையைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் இது வெறும் பிரச்சாரம்தானே? கலை எங்கே?

பிரச்சாரம்தான், அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கலை இல்லை என்ற முடிவு அதிலிருந்து வராது. முகமூடியைக் கழற்றியதும் பண்ணையாரும் தொழிலாளியும் ஒருவர்போல் ஆவதும், பணநோட்டு மூன்று கைகள் மாறுவதும் முழக்கங்கள் அல்ல, மேடைக் காட்சிகள். முழக்கத்தை அப்படியே ஒப்பிக்கும் நாடகங்களும் அந்தக் காலத்தில் நிறைய வந்தன, அவை இன்று யாருக்கும் நினைவில் இல்லை. 1968இலேயே இந்தக் குழு, நியூயார்க்கின் சிறு அரங்க நாடகங்களுக்குத் தரப்படும் ஓபி விருதைப் பெற்றது.

வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தபோது சங்கத்தைவிட்டு ஏன் பிரிந்தார்கள்?

1967இல் குழு சங்கத்திலிருந்து விலகி டெல் ரே என்ற ஊருக்கும், பின்னர் ஃபிரெஸ்னோவுக்கும், 1971இல் சான் ஹுவான் பௌதிஸ்தாவுக்கும் சென்றது. சங்கத்துக்கு நாடகம் பல பணிகளில் ஒன்று. மறியலுக்கு ஆள் தேவைப்படும் நாளில் ஒத்திகை நடக்காது. குழுவினருக்கோ நாடகத்தையே முழுநேரப் பணியாகச் செய்யவும், திராட்சைத் தோட்டத்துக்கு அப்பால் உள்ள சிக்கல்களைப் பேசவும் விருப்பம் இருந்தது.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. 1967இல் வந்த 'விலைபோனவர்கள்' ஆக்தோவில், ஆளுநர் ரீகனின் அலுவலகத்திலிருந்து வரும் ஒரு செயலாளர், பதவியில் காட்சிக்கு வைக்கத் தோதான மெக்சிக வகை பொம்மை ஒன்றைக் கடையில் தேடுகிறார். பண்ணைத் தொழிலாளி, நகரத்து இளைஞர், புரட்சிக்காரர் என்று ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டப்படுகின்றன. இறுதியில் பொம்மைகள்தாம் மனிதர்கள், கடைக்காரரே பொம்மை என்று தெரிகிறது. பள்ளிக்கூடத்தின் பாகுபாட்டைப் பற்றி 1969இலும், வியட்நாம் போரைப் பற்றி 1970, 1971ஆம் ஆண்டுகளிலும் ஆக்தோக்கள் வந்தன. புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது ராணுவத்துக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை திராட்சைக் கொள்முதலை உயர்த்தியது. வயலையும் போர்க்களத்தையும் ஒரே மேடையில் வைப்பதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

ஒரே ஒரு குழுவின் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வேறு யாருமே இல்லையா?

நிறையப் பேர் இருந்தார்கள். 1971இல் 'தேனாஸ்' என்ற சிக்கானோ நாடகக் குழுக்களின் கூட்டமைப்பு உருவாகி, விழாக்களையும் பயிற்சிப் பட்டறைகளையும் நடத்தியது. அதன் மூலம் ஆக்தோ செய்யும் முறை பல்கலைக்கழக மாணவர் குழுக்களுக்கும் நகரக் குடியிருப்புகளுக்கும் பரவியது. டென்வரில் 1970களின் தொடக்கத்தில் பிறந்த 'சு தியேத்ரோ' இன்றும் இயங்குகிறது.

இவற்றுள் நான் தனித்துச் சொல்ல விரும்புவது, ஹோர்ஹே வெர்தா சாண்டா பார்பராவில் 1971இல் நிறுவிய 'தியேத்ரோ தெ லா எஸ்பெரான்சா'. இக்குழு 1974இல் நடத்திய 'குவாதலூப்பே' நாடகம், அதே பெயருள்ள ஒரு சிற்றூரில் மெக்சிக அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் நடத்தப்பட்ட விதத்தையும், அதை எதிர்த்த பெற்றோர் கைதானதையும் ஆவணங்களின் அடிப்படையில் காட்டியது. கேலிச்சித்திரமாகத் தீட்டும் ஆக்தோவிலிருந்து விசாரித்து எழுதும் ஆவண நாடகத்துக்கு இது ஒரு நல்ல நகர்வு.

பட்டறை என்றால் நடிப்புப் பயிற்சிதானே? நாங்கள் நடத்த நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

நடிப்புப் பயிற்சி அதில் ஒரு சிறு பகுதி. மூன்றாம் கேள்விக்கான பதிலில் சொன்ன அட்டைப் பயிற்சியே இன்றும் நல்ல தொடக்கம். ஆனால் அட்டையில் என்ன எழுதுவது என்பதை வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் முடிவு செய்யக் கூடாது; வந்திருப்பவர்களே தங்கள் வாழ்வில் அதிகாரம் செலுத்துபவர்களைச் சொல்ல வேண்டும். அதிகாரி என்று பொதுவாக எழுதினால் நடிப்பும் பொதுவாகவே இருக்கும். கூலிநாளன்று கணக்கைக் குறைத்து எழுதுபவர் என்று எழுதினால் உடனே நடையும் குரலும் வந்துவிடும்.

அடுத்து, நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து அதிலிருந்து ஒரே ஒரு புள்ளியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் தடுமாறுகின்றன. கூலி, வீடு, பள்ளி, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்தில் அடைக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. பிறகு பலமுறை செய்து பார்த்து, சிரிப்பு எங்கே வந்தது, யாரைப் பார்த்து வந்தது என்று பேச வேண்டும். சிரிப்பு வலியவரை நோக்கியதா எளியவரை நோக்கியதா என்பது ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். எழுதி வைப்பது கடைசி வேலை. டெலானோ ஆக்தோக்கள் அச்சில் வந்தது 1971இல்தான்.

முதல் நிகழ்ச்சியை அந்தச் சம்பவத்தை அறிந்தவர்கள் முன்னிலையில் நடத்துங்கள். அவர்கள் மேடையைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள், அந்தத் திருத்தங்கள்தாம் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இயக்கம். முடிந்ததும் பார்வையாளர் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு உங்களிடம் உண்மையான விடை ஒன்று இருக்க வேண்டும். காரணத்தை வேலைநிறுத்தம் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன்.

அகுஸ்தோ போவாலின் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கும்' இதுவும் ஒன்றா?

உறவினர்கள், ஆனால் ஒன்றல்ல. போவால் பிரேசில்காரர், ராணுவ ஆட்சியில் 1971இல் கைதாகி, பின்னர் நாடுகடந்து வாழ்ந்தவர். அவருடைய அரங்கின் ஒரு வடிவமான மன்ற நாடகத்தில் ஒரு சிக்கல் தீர்வின்றி நிறுத்தப்படும். பார்வையாளர் எழுந்து வந்து, பாத்திரத்தின் இடத்தில் நின்று, தம் யோசனையைச் செய்து பார்ப்பார். ஆக்தோவில் தீர்வு பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும்: சங்கத்தில் சேருங்கள். என்ன செய்வதென்று ஒரு சமூகம் இன்னும் முடிவு செய்யாத நிலையில் போவாலின் முறையும், முடிவு செய்துவிட்டு ஆள் திரட்டும் நிலையில் ஆக்தோவும் பொருந்தும் என்பது என் கருத்து.

இரண்டும் நேருக்கு நேர் உரசிக்கொண்டதும் உண்டு. 1974இல் மெக்சிகோவில் நடந்த விழாவில் கம்பெசினோ குழு, மெக்சிக மக்கள் வழிபடும் மரியன்னையான குவாதலூப்பே அன்னையும் பழங்குடித் தெய்வமும் வரும் ஒரு நாடகத்தை அரங்கேற்றியபோது, லத்தீன் அமெரிக்க இடதுசாரி நாடகக்காரர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். விமர்சித்தவர்களில் போவாலும் ஒருவர். வர்க்கப் போராட்டத்துக்குத் தெய்வத்தில் விடை தேடுவதா என்பது அவர்களின் கேள்வி. நடைபயணத்தின் முன்வரிசையிலேயே அன்னையின் கொடியைப் பிடித்துச் சென்ற மக்களின் நாடகத்தில் அவள் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண்களுக்கு இதில் உண்மையில் இடம் இருந்ததா?

உழைப்பில் இருந்தது, பாத்திரங்களில் குறைவு. 1994இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் யோலாண்டா பிராய்ல்ஸ் கொன்சாலெஸ், கம்பெசினோ குழுவின் பெண்களுக்குத் தாய், பாட்டி, தங்கை, விலைமகள் போன்ற வார்ப்புகளே திரும்பத் திரும்பக் கிடைத்ததையும், கூட்டாக உருவான படைப்புகளின் பெருமை வால்டெஸ் ஒருவருக்கே சேர்ந்ததையும் எடுத்துக்காட்டினார். நானும் இந்தப் பக்கத்தில் வால்டெஸின் பெயரைத்தான் அடிக்கடி எழுதியிருக்கிறேன். வரலாறு அவ்வாறே பதிவாகியிருப்பதன் விளைவு அது.

பெண்கள் காத்திருக்கவில்லை. 1971இல் சான் டியேகோவில் மாணவியர் தங்களுக்கெனத் 'தியேத்ரோ தெ லாஸ் சிக்கானாஸ்' குழுவைத் தொடங்கினார்கள். சிக்கானா எழுத்தாளர் செரி மொராகாவின் 1992ஆம் ஆண்டு நாடகமான 'வீரர்களும் புனிதர்களும்', டெலானோவுக்கு அருகிலுள்ள மெக்ஃபார்லண்டில் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் கண்டறியப்பட்டதையும், பூச்சிக்கொல்லிகள் மீது எழுந்த ஐயத்தையும் பின்னணியாகக் கொண்டது. ஆக்தோக்கள் தொடாத உடல், பாலினம், தாய்மை ஆகிய கேள்விகள் அதில் மையத்துக்கு வந்தன. லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் நாடகாசிரியர் ஹோசபினா லோபஸ் 2000இல் நிறுவிய 'காசா 0101' அரங்கு, குடியிருப்பு மக்களுக்கு எழுத்து, நடிப்புப் பட்டறைகளை நடத்திவருகிறது.

லாரி மேடையிலிருந்து பிராட்வேக்குப் போனது துரோகம் இல்லையா?

வால்டெஸின் 'ஜூட் சூட்' 1978இல் லாஸ் ஏஞ்சலஸில் அரங்கேறியது. 1942ஆம் ஆண்டு நடந்த ஒரு கொலை வழக்கில் 17 மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் தண்டிக்கப்பட்டு, 1944இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டதே அதன் கரு. லாஸ் ஏஞ்சலஸில் மாதக்கணக்கில் ஓடியது. அதுவரை அந்த அரங்குகளுக்குள் வந்திராத குடும்பங்கள் தங்கள் நகரத்தின் வரலாற்றைப் பார்க்க வந்தார்கள். 1979இல் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் உள்ள பிராட்வேக்குப் போய்ச் சில வாரங்களில் நின்றுவிட்டது.

துரோகம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. ஆனால் இழப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சீட்டு வாங்கி இருளில் அமர்ந்து பார்ப்பவர், நாடகம் முடிந்ததும் வீட்டுக்குத்தான் போவார். அவருக்கு வரலாறு தெரியவரும், பெருமிதம் கிடைக்கும். மறியல் களம் கிடைக்காது.

ஆக்தோவில் கருங்காலியை வில்லனாகக் காட்டுகிறார்களே, அவரும் ஏழைதானே?

இதுவரை வந்த கேள்விகளில் இதற்குப் பதில் சொல்வதுதான் மிகக் கடினம். வேலைநிறுத்தத்தை உடைக்கப் பண்ணையார்கள் கொண்டுவந்தவர்களில் பலர் எல்லைக்கு அப்பாலிருந்து ஆவணமின்றி வந்த கூலிகள். 1974இல் சங்கமே அவர்களைப் பற்றிக் குடிவரவுத் துறையிடம் புகார் அளிக்கும் இயக்கம் ஒன்றை நடத்தியது. சிக்கானோ அமைப்புகள் பலவும் அதைக் கண்டித்தன. அட்டை மாட்டி ஏசுவது ஒத்திகையில் சிரிப்பைத் தரலாம், தெருவில் அதே ஏச்சு வேறு விளைவைத் தரும்.

எஸ்பெரான்சா குழுவின் 1976ஆம் ஆண்டு நாடகமான 'பலியானவர்' இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டது. சிறுவயதில் எல்லையில் தாயைப் பிரிந்த ஒருவர் வளர்ந்து குடிவரவு அதிகாரியாகிறார். கைதாகி அவர் முன் நிறுத்தப்படும் பெண் அவருடைய தாய். இங்கே அதிகாரியும் பலியானவரே. பட்டறை நடத்துவோர் அட்டைகளை எழுதும் முன்னர் இந்த நாடகத்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. குறிப்பாக, பங்கேற்பவர்களில் யாருடைய அண்ணனோ மாமாவோ அந்த அட்டைக்கு உரியவராக இருக்கக்கூடும் என்றால்.

ஸ்பானிஷ் தெரியாத நாங்கள் இவற்றைப் படித்துப் பயன் பெற முடியுமா?

முடியும். பெரும்பாலான பிரதிகள் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்தவை. பார்வையாளர்கள் வீட்டிலும் வயலிலும் பேசிய மொழியே அப்படித்தான் இருந்தது. 'ஜூட் சூட்' 1981இல் வால்டெஸின் இயக்கத்திலேயே திரைப்படமாக வந்தது. அரங்கிலேயே படமாக்கப்பட்டதால் மேடை அமைப்பையும் அதில் காணலாம். ஆக்தோக்களைப் பொறுத்தவரை, அச்சிட்ட வசனத்தை அப்படியே தமிழாக்கி நடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 'ஐந்தாம் பருவம்' ஆக்தோவிலிருந்து பணநோட்டு கைமாறும் காட்சியை மட்டும் வசனமின்றி எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் அந்தப் பணம் யார் யார் கைக்குப் போகிறது என்று பங்கேற்பாளர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பாருங்கள்.